பார்க்வேயா, டிராகனா, செரோஹாலாவா?

அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில் பைக் பயணம் போக விரும்புவோர் பெரும்பாலும் மூன்று சாலைகளுக்கிடையே தடுமாறுகின்றனர்: வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினாவின் மேற்குப் பகுதி வரை நீளும் புளூ ரிட்ஜ் பார்க்வே, டென்னசி எல்லையிலுள்ள 'டெயில் ஆஃப் தி டிராகன்', அதற்கு அருகிலேயே உள்ள செரோஹாலா ஸ்கைவே. மூன்றும் வளைந்து நெளியும் சாலைகளே. ஆனால், ஓட்டுபவரின் கண்ணுக்கு எந்தச் சாலை எவ்வளவு ஓய்வு தருகிறது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிராகனின் புகழ் 11 மைலில் 318 வளைவுகள் என்பதாகும். அதாவது ஏறத்தாழ 56 மீட்டருக்கு ஒரு வளைவு. இடப்பக்கம் சாய்த்த வண்டியை நிமிர்த்துவதற்குள் அடுத்த வளைவு வலப்பக்கம் இழுப்பதால், பார்வையை வளைவின் முடிவிலிருந்து ஒரு கணமும் எடுக்க முடியாது. வேக வரம்பு மணிக்கு 30 மைல்தான் என்றாலும், வார இறுதி நெரிசலில் நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வரும் வண்டி பெரும் ஆபத்து. கைத்திறனைத் தீட்டிக்கொள்ள இது அருமையான சாலை. சுற்றியுள்ள காட்டை ரசிக்க ஏற்றதன்று.

பார்க்வேயோ பார்ப்பதற்கென்றே போடப்பட்ட சாலை. 1935-இல் பணி தொடங்கிய இந்த 755 கிலோமீட்டர் சாலையில் சரக்கு லாரிகளுக்கு அனுமதியில்லை. வேகமும் 45 மைலைத் தாண்டக்கூடாது. கிராண்ட்ஃபாதர் மலையைக் குடைந்து சிதைக்கக் கூடாது என்பதற்காக, 153 கான்கிரீட் துண்டுகளைக் கோத்து, சரிவை ஒட்டி வளையும் 379 மீட்டர் நீள லின் கோவ் பாலத்தைக் கட்டினார்கள். 1987-இல் அது திறக்கப்பட்ட பிறகே சாலை முழுமை பெற்றது. மலையின் பாறைகளும் மரங்களும் ஒருபுறம் நெருங்கி நிற்க, மறுபுறம் பள்ளத்தாக்கு விரிய, அந்தப் பாலத்தின் மேல் மெதுவாகச் செல்லும் சில நொடிகளுக்காகவே இந்தப் பயணத்தை மேற்கொள்ளலாம்.

எனினும் இதிலும் கவனம் வேண்டும். வழியிலுள்ள 26 சுரங்கப்பாதைகளில் வெயிலிலிருந்து திடீரென நுழையும்போது, கறுப்புக் கண்ணாடி அணிந்தவருக்குச் சில நொடிகள் எதுவும் தெரியாது; நீர் கசிந்து தரை ஈரமாக இருந்தால் அந்த நொடிகளில் பிரேக்கைத் தொடுவதே வண்டியைச் சறுக்க வைத்துவிடலாம். ஆகவே நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பது நல்லது. பார்க்வேயில் பெட்ரோல் பங்க் கிடையாது; பக்கத்து ஊர்களில் இறங்கித்தான் நிரப்ப வேண்டும். 2024-இல் ஹெலீன் புயல் பல பகுதிகளைச் சேதப்படுத்தியதால், தேசியப் பூங்காத் துறையின் சாலை நிலவரத்தைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

செரோகீ, நந்தஹாலா என்னும் இரு காடுகளின் பெயரும் இணைந்து உருவான செரோஹாலா, 1996-இல் திறக்கப்பட்டது. 5,300 அடிக்கு மேல் ஏறும் இந்த 43 மைல் சாலையின் வளைவுகள் அகலமாகவும் நீளமாகவும் இருப்பதால், ஓட்டும் இன்பமும் காட்சியும் ஒருங்கே கிட்டுகின்றன. ஒரே நாள் மட்டுமே உள்ளவருக்கு இதையே பரிந்துரைப்பேன். நான்கைந்து நாள் ஒதுக்க முடிந்தவர், தயங்காமல் பார்க்வேயையே தேர்ந்தெடுக்கலாம்.