ஓடும் கோடுகளா, பெட்டிப் படமா? புயல் வரைபடங்களோடு சில வருடங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வின்டி, எர்த் நல்ஸ்கூல் என்ற இரண்டு காற்று வரைபடத் தளங்கள், ஐரோப்பிய வானிலை மையத்தின் வரைபடத் தளம் மூன்றையும் மாறி மாறிப் பார்ப்பது என் பல வருடப் பழக்கம். இதில் எனக்கு அதிகம் உதவுவது, யாரும் ஷேர் செய்யாத, பார்க்கச் சுமாரான ஒரு படம்.

முதலில் அழகான படம். காற்றைக் கோடுகளாக ஓடவிடும் எர்த் தளத்தை கேமரன் பெக்காரியோ 2013இல் வெளியிட்டார். அதை அடியொற்றி வந்தது வின்டி. உலகம் முழுவதற்குமான காற்றுக் கணக்கு சுருங்கிய வடிவில் நம் போனுக்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கான புள்ளிகளை நகர்த்தி வரைவது போனின் வேலை. அதனால்தான் விரலால் தள்ளியதும் வங்கக்கடல் உடனே நகர்கிறது. பழைய போன் என்றால் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கோடுகள் வானிலையைக் கணிக்கும் கணினி மாடலின் ஒரே ஒரு ரன்னை, அதாவது ஒரு முறை ஓட்டிய கணக்கைத்தான் காட்டுகின்றன. நாளைய காற்றும் ஒன்பதாம் நாள் காற்றும் பார்வைக்கு ஒரே துல்லியத்தோடு சுழலும். ஐரோப்பிய மையத்தின் 'யூரோ' மாடல் உலகைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்கள் சுமார் 9 கிலோமீட்டர் அகலம். இடைவெளியை நிறம் பூசி நிரப்பிவிடுவதால் நம் தெருவரை ஜூம் செய்து பார்க்கத் தோன்றும். அதில் பயன் ஒன்றும் இல்லை.

தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி, ஐரோப்பிய மையம் மொத்தம் 51 ரன்கள் ஓட்டுகிறது. எல்லாப் புயல் பாதைகளையும் ஒரே படத்தில் போட்டால் இடியாப்பம் பிழிந்த மாதிரி இருக்கும். கூட்டத்தைவிட்டு விலகி ஓடும் ஒற்றைக் கோட்டில்தான் கண் போய் நிற்கும். வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் அதுதான்! அமெரிக்கப் புயல் மையத்தின் கூம்புப் படம் இன்னும் குழப்பும். கடந்த ஐந்து வருடக் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி வரைவது அந்தக் கூம்பு. போகப்போக அகலமாவது புயல் அல்ல, நம் சந்தேகம். மழை எங்கே பெய்யும் என்று அது சொல்வதே இல்லை.

நான் நம்புவது ஐரோப்பிய மையத்தின் தளத்தில் உள்ள மீட்டியோகிராம். அந்த 51 ரன்களும் ஓர் ஊருக்குச் சொல்வதைச் சேர்த்துக் காட்டும் பெட்டிப் படம் இதுதான். ஊரைத் தொட்டால் நேரவாரியாகப் பெட்டிகள் வரும். நடுக்கோடு இடைநிலை மதிப்பு, அகலமான பெட்டிக்குள் பாதி ரன்கள், மேலும் கீழும் நீளும் குச்சிகள் உச்சமும் குறைவும். பெட்டி குட்டையாக இருந்தால் ரன்கள் ஒத்துப்போகின்றன. நீண்டிருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அப்புறமும் நகராமல் நின்று ஒரே நாளில் அங்கே 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பாதைப் படத்தில் 'நின்றுவிடுவது' வெறும் ஒரு புள்ளி. பெட்டிப் படத்திலோ நேரம் ஓர் அச்சு. மழை எவ்வளவு நேரம் நீடிக்கலாம் என்பதைப் பார்க்க அங்கே இடம் உண்டு.

சரி, வின்டியை எதற்கு வைத்திருக்கிறேன்? ஒரே இடத்துக்கு யூரோ, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஜெர்மனியின் ஐகான் மாடல்களின் கணிப்புகளை ஒப்பிடும் வசதிக்காக. மூன்றும் மூன்று பக்கம் இழுத்தால் அன்றைக்கு அசைபடத்தை அணைத்துவிடுவேன். யூரோவின் முக்கிய ரன்கள் நம் நேரத்தில் காலை 5.30, மாலை 5.30 நிலவரத்திலிருந்து தொடங்குகின்றன. கணக்கு முடிந்து வெளிவர இன்னும் பல மணி நேரம் ஆகும். அதற்கு நடுவில் எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்தாலும் பழைய படமேதான்.

ஒரே குறை, பெட்டிப் படம் போனில் மிகச் சின்னதாகத் தெரிகிறது. லேப்டாப்பில் பார்ப்பது உத்தமம்.