உளுந்து வியாபாரிகள் கவனத்துக்கு: ஆர்.டி.ஜி.எஸ். சீட்டைக் காட்டி லோடை இறக்கிவிட்டார்கள்

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கம் உளுந்தும் பாசிப்பயறும் வாங்கி விற்கிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். போன மாசியில் நாங்கள் ஏற்றி அனுப்பிய 10 டன் உளுந்துக்கு இன்றுவரை ஒரு பைசா வரவில்லை. மதிப்பு 7 லட்ச ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பகுதி விவசாயிகளுக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய பணம்.

நம் கரிசல் மானாவாரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை கை கொடுத்தால்தான் தை, மாசியில் களத்தில் பயறு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்த வருடத்தில் விதைத்த விதைகூட வீடு வரவில்லை. சரக்கு குறைந்தால் விலை ஏறும், சரிதான். ஆனால் மியான்மர் உளுந்து சென்னைக்கு வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பினாலே இங்கே விலை ஆட்டம் காணும். 2015-ல் கிலோ 200 ரூபாயைத் தொட்டது துவரம்பருப்பு. 2017 தொடக்கத்தில் துவரை, குவிண்டாலுக்கு அரசின் ஆதரவு விலையான 5,050 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. இதையெல்லாம் பார்த்தவர்களுக்குச் சரக்கைக் கையில் வைத்திருக்கவே பயம். அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டுதான் இந்த ஏமாற்றுக்காரர்கள் வருகிறார்கள்.

எங்களிடம் வந்த ஆளுக்குத் தொழில் தெரிந்திருந்தது. மூட்டையில் குத்தூசி போட்டு, மேலேயும் அடியிலும் எடுத்துப் பார்த்தார். நாலு உளுந்தை வாயில் போட்டுக் கடித்து, டக்கென்று உடைகிறதா என்று பார்த்தார். உள்ளங்கையில் பரப்பி வண்டு ஓட்டை தேடினார். “ஈரம் 12 சதவீதத்துக்குள்ள இருக்கணும் அண்ணாச்சி, இல்லைன்னா மில்லுல எடுக்க மாட்டாங்க” என்றார். வெளிமாவட்டத்துப் பருப்பு மில்லுக்கு வாங்குவதாகச் சொன்னார். ஆதார் நகல், மில் முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் வாங்கி விசாரித்தோம். மில் இருந்தது, கணக்கும் இருந்தது. முதலில் எடுத்த சின்ன லோடுகளுக்கு லாரி கிளம்பும் முன்பே பணம் ஏறிவிட்டது. விலையும் சந்தையைவிடக் குவிண்டாலுக்குக் கொஞ்சம் கூட. அப்புறம்தான் பெரிய லோடு கேட்டார். “இறக்குமதி வரப்போகுது, இப்பவே தள்ளிவிடுங்க” என்று அவசரப்படுத்தியதும் அப்போதுதான்.

அந்த லோடுக்கு, மில்லில் எடை போட்டதும் பணம், பணம் ஏறிய பிறகு இறக்கம் என்று பேச்சு. டிரைவரிடமும் அப்படியே சொல்லி அனுப்பினோம். சனிக்கிழமை சாயங்காலம் லாரி மதுரை தாண்டியதும் டிரைவருக்குப் போன் வந்திருக்கிறது: மில்லில் இடமில்லை, பக்கத்துக் குடோனுக்கு வாருங்கள் என்று. அங்கே எடைமேடையிலேயே வங்கி முத்திரை குத்திய ஆர்.டி.ஜி.எஸ். (வங்கி வழியாகப் பெரிய தொகையை உடனே அனுப்பும் முறை) சீட்டைக் காட்டி, “உங்க முதலாளிகிட்ட பேசியாச்சு, பணம் போட்டாச்சு” என்று சொல்லி, ஆட்களை விட்டு மளமளவென்று இறக்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் என் போனுக்கு அழைப்பு மேல் அழைப்பாகப் போட்டு, விலை பேசுவதுபோல் என்னைப் பிடித்து வைத்திருந்ததும் அவர்கள் ஆள்தான். டிரைவர் என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் பிஸி.

இரவு கேட்டால், “நாளைக்கு ஞாயிறு, திங்கட்கிழமைதான் ஏறும்” என்றார்கள். இது சுத்தப் பொய். 2020 டிசம்பரிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ். ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் 24 மணி நேரமும் ஓடுகிறது. பணம் கிளம்பியிருந்தால் சாதாரணமாக அரைமணி நேரத்துக்குள் நம் கணக்கில் தெரிய வேண்டும். அந்தச் சீட்டில் இருந்த யு.டி.ஆர். எண்ணில் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்) 16 எழுத்துகளே இருந்தன. ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கு 22 இருக்க வேண்டும், 16 என்பது வங்கிப் பணம் அனுப்பும் இன்னொரு முறையான என்.இ.எஃப்.டி.க்கு. திங்கட்கிழமை வங்கியில் அந்த எண்ணே இல்லை என்றார்கள். மில்காரரைக் கேட்டால், அப்படி ஒரு ஆளைத் தெரியாது என்றார்.

காவல் நிலையத்தில் முதலில் “கொடுக்கல் வாங்கல், சிவிலில் பாருங்கள்” என்றே அனுப்பப் பார்த்தார்கள். போலிச் சீட்டு, எடைச் சீட்டு, டிரைவர் வாக்குமூலம் மூன்றையும் வைத்து மாவட்டக் குற்றப்பிரிவில் மனு கொடுத்த பிறகுதான் மோசடி என்று எடுத்துக்கொண்டார்கள். பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 318 மோசடிக்கான பிரிவு. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். மூட்டையாகப் போகும் பயறுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை, சரக்கு வண்டிக்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் இல்லை. வசதிதான், ஆனால் சரக்கு எங்கே போனது என்பதற்கு நம் கையில் காகிதமே இருப்பதில்லை. அதனால் இறக்கும் இடத்தின் முகவரியை லாரிக்காரர் தரும் சரக்கு ரசீதான எல்.ஆர். சீட்டிலேயே எழுதுங்கள். “நான் வீட்டு நம்பரிலிருந்து பேசிச் சொல்லாமல் தார்ப்பாயை அவிழ்க்கக் கூடாது” என்று டிரைவரிடம் கறாராகச் சொல்லுங்கள். இரண்டாவது போன் நம்பர் ஒன்றும் கொடுத்து வையுங்கள். காசோலை கொடுத்து அது திரும்பினால், வங்கி தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். தவணை சொல்லிச் சொல்லி அந்த நாளைத் தாண்ட வைப்பார்கள்.

களத்துக்கு வந்து கேட்கும் விவசாயிகளுக்கு நகையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மழை இல்லாத வருடத்தில் ஏக்கருக்கு ஒரு மூட்டை எடுத்தவர்கள் அவர்கள். அவர்களிடம் என்ன தவணை சொல்ல முடியும்?

இப்போது அருப்புக்கோட்டை பக்கம் பாசிப்பயறு கேட்டு ஒரு ஆள் சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன். வேறு பெயர், வேறு மில். பேச்சு மட்டும் அதேதான்: இறக்குமதி வரப்போகுது, இப்பவே தள்ளிவிடுங்க. உங்களிடம் வந்தால் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.