வெள்ளைக் காய்க்கு வெட்பாலையா, காப்பிக் கட்டையா?

சதுரங்கக் காய்களைச் சொந்தமாகக் கடைந்து செதுக்க இறங்கியவனுக்கு முதலில் வந்த கேள்வி, வெள்ளைக்கு எந்த மரம் என்பதுதான். கறுப்பில் யோசிக்க ஒன்றுமில்லை. தச்சுப் பட்டறையில் மிஞ்சும் ஈட்டி மரத் துண்டுகளே போதும். வெள்ளைக்குச் சேலத்துக்காரர்கள் கைக்கு எட்டுபவை மூன்று: ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக், அங்கேயே பிடுங்கி விறகுக்குப் போடும் பழைய காப்பிச் செடி, அடிவாரப் பட்டா நிலங்களில் நிற்கும் வெட்பாலை.

சில்வர் ஓக் பிளைவுட்டுக்குச் சரி. சின்ன வளைவுகளில் நார் பிய்கிறது, குதிரையின் காது நிற்பதில்லை. அதை விட்டுவிடலாம்.

காப்பிக் கட்டை ஆசை காட்டும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த பயிர் அது. விற்கிற எண்ணம் இருந்தால், 'ஏற்காட்டுக் காப்பி மரத்தில் கடைந்தது' என்ற பேச்சே பாதி வியாபாரம். மரமும் லேசுப்பட்டதல்ல: கனம், நெருக்கமான ரேகை. குதிரையின் பிடரியில் உளி போட்ட கோடு அப்படியே கூராக நிற்கும். வெட்பாலையில் அந்தக் கூர்மை ஒரு மாற்றுக் குறைவுதான்.

ஆனாலும் நான் வெட்பாலைக்குப் போனேன். காரணம், கட்டையின் நடுவில் இருக்கும் சோற்றுப் பகுதி.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரைப்படி ராஜாவின் உயரம் 9.5 செ.மீ., அடிப்பாகம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். அதாவது 4 செ.மீ.யை ஒட்டி. காப்பித் தண்டில் அந்தப் பருமனை எடுக்கப்போனால் பெரும்பாலும் சோறும் கூடவே வந்துவிடும். காயும்போது மரம் அதன் வளர்ச்சி வளையத்தின் சுற்றுவாக்கில் அதிகம் சுருங்கும். நடுவிலிருந்து பட்டைவாக்கில் ஏறத்தாழ அதில் பாதிதான். சோற்றோடு முழு உருளையாக இருக்கும் கட்டைக்கு இந்த இழுபறியில் வெடிப்பதைத் தவிர வழியில்லை. நம் பக்கத்தில் இது இன்னும் மோசம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், மூடுபனி ஊர். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மலையில் காய்ந்ததாகத் தெரியும் கட்டை, சித்திரை வெயிலில் இங்கே வந்ததும் இன்னொரு முறை சுருங்கும். காய் நிலையாக நிற்க அடியில் ஈயம் இறுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்: மரம் சுருங்கும், ஈயம் சுருங்காது.

வெட்பாலை அடிமரம் கொஞ்சம் பருமனாகக் கிடைத்தால் நான்காகப் பிளந்து, சோற்றை ஒதுக்கிவிட்டுக் கடையலாம். எனக்கு முடிவு இங்கேயே வந்துவிட்டது. ஊதா நிறத் தைலத்துக்கு இலை பறிக்கிறார்களே, அதே மரம்தான். கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகளும் இதில்தான் பிறக்கின்றன. தந்தம் மாதிரி வெளுப்பு, உளிக்கு இணக்கம். எடை குறைவு என்பதால் ஈயம் வைத்தே ஆக வேண்டும். குழியைச் சற்று அகலமாகக் குடைந்து, ஈயத்தைச் சுற்றி இடம் விடுங்கள். பிளந்த துண்டுகளின் முனையில் மெழுகு தடவி, காற்றோட்டமான நிழலில் அடுக்க வேண்டும். மழை மாதத்தில் வெட்டி ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வெள்ளைக் காய் என்ற பேச்சே போய்விடும். வாங்குவது பட்டா நிலத்து மரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காப்புக்காட்டில் கை வைக்கக் கூடாது.

மெருகுக்கு அரக்கைத் தாழை ஓலையால் தேய்த்து ஏற்றுவது சன்னபட்டண முறை. நான் தேன்மெழுகோடு நிறுத்திக்கொண்டேன். என் செட் இன்னும் புதுசு, ஆகவே நாளாவட்டத்தில் வெளுப்பு எப்படி நிற்கும் என்று என் அனுபவத்தை வைத்து உத்தரவாதம் தர மாட்டேன்.

காப்பியில்தான் வேண்டும் என்பவர்கள் சிப்பாய்களை அதில் கடையலாம். அடி சின்னது, தடித்த தண்டாகப் பார்த்து எடுத்தால் சோற்றுக்குப் பக்கவாட்டிலேயே கிடைத்துவிடும். நிறம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், முன்வரிசை முழுக்க ஒரே மாதிரி என்பதால் உறுத்தாது. ஆனால் கட்டையைக் கீழே கொண்டுவந்து, ஒரு கோடை முழுக்கச் சேலத்திலேயே போட்டு வைத்த பிறகு லேத்தில் ஏற்றுங்கள்.