லிம்போமா கீமோ: ஒவ்வொரு முறையும் ஊசியா, பிக் லைனா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கீமோவுக்குப் போகிறவர்கள் வீட்டில் யோசித்துவைக்க வேண்டிய விஷயம் இது.

சுற்றுக்குச் சுற்று கையில் ஊசி போட்டால் வீட்டில் பராமரிப்பு இல்லை. ஆனால், லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பலருக்கும் தரும் சிவப்பு மருந்தான டாக்சோரூபிசின் நரம்பைவிட்டுக் கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். ஏறும்போது எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவே கூடாது.

பிக் லைன் என்கிற மெல்லிய குழாய் மேல்கையில் நுழைந்து இதயத்தருகே பெரிய ரத்தக்குழாயில் முடிவதால் அந்தப் பயம் வெகுவாகக் குறைவு. பதிலுக்கு வாரம் ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றி, சலைன் செலுத்த வேண்டும். அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, குழித்துறை ஆற்றில் முங்கிக் குளிக்கவும் கூடாது.

100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

நரம்பு நன்றாகக் கிடைப்பவருக்கு ஊசி போதும். கிடைக்காதவருக்கு, ஊரில் பயிற்சி பெற்ற நர்ஸ் இருந்தால், பிக் லைனையே சொல்வேன்.