டச் பிளேட்டும் நிலையான டூல் சென்சாரும்: சிறிய சி.என்.சி. ரவுட்டருக்கான மதிப்புரை

வீட்டுப் பட்டறையில் சி.என்.சி. ரவுட்டர் (கணினிக் கட்டளைப்படி பலகையை வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் முதலில் எந்தத் துணைக்கருவியை வாங்கலாம் என்று கேட்டால், பிட் (வெட்டும் அலகு) எங்கே தொடுகிறது என்று அளக்க உதவும் டச் பிளேட்டைத்தான் சொல்வேன். ஆனால் விற்பவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. பலகையின் மூலையில் வைத்தால் எக்ஸ், ஒய் (கிடை), இசட் (உயரம்) ஆகிய மூன்று அச்சுகளுக்கும் ஒரே பொத்தானில் பூஜ்யம் (அளவு தொடங்கும் புள்ளி) கிடைக்கும் என்பது அவர்களின் விளம்பரம். என் அனுபவத்தில், ஒரே வேலையின் நடுவே இரண்டாவது பிட்டைப் பொருத்தும்போதுதான் அது கொடுத்த பணத்துக்கு உழைக்கிறது.

இயங்கும் முறை எளிது. டச் பிளேட் என்ற அலுமினியக் கட்டையில் ஒரு கம்பி, பிட்டில் மாட்டும் கிளிப்பில் இன்னொரு கம்பி. ஜி38.2 என்ற அளவீட்டுக் கட்டளையில் பிட் மெல்ல இறங்கிக் கட்டையைத் தொட்டவுடன் மின்சுற்று முழுமையாகி இயந்திரம் நிற்கும். கட்டையின் தடிமனைக் கழித்து மென்பொருள் இசட் பூஜ்யத்தைப் பதிவு செய்யும். எனவே அந்தத் தடிமனைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் வெர்னியரால் அளந்து கொடுப்பது நல்லது. உள்ள தடிமனைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், அந்த வேலையின் எல்லா வெட்டும் அரை மில்லிமீட்டர் ஆழமாகவே போகும்.

காகிதத் துண்டை அடியில் வைத்து, அது பிடிபடும் வரை பிட்டை இறக்கும் பழைய முறை தவறானது அல்ல. சாதாரணத் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் கொண்டது, பலகையை அறுத்து எடுக்கும் வேலைக்கு அந்த வேறுபாடு பொருட்டே இல்லை. வி-பிட்டால் (கூர்முனைக் கூம்புப் பிட்) எழுத்துச் செதுக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. 90 டிகிரி வி-பிட் 0.1 மி.மீ. கூடுதலாக இறங்கினால் கோட்டின் அகலம் 0.2 மி.மீ. கூடிவிடும், மெல்லிய எழுத்துகளில் அது கண்ணுக்குத் தெரியும். காகிதம் எவ்வளவு பிடிபட்டால் போதும் என்பது கைக்குக் கை மாறும், கட்டையின் தடிமன் மாறாது.

இரண்டாவது பிட் விஷயத்துக்கு வருகிறேன். எண்ட் மில்லால் (நேர்ப் பக்கமுள்ள பிட்) பள்ளம் எடுத்து முடித்து வி-பிட்டைப் பொருத்தினால், அது கோலெட்டிலிருந்து (பிட்டைக் கவ்வும் பிடி) வெளியே நீளும் அளவு முந்தைய பிட்டைப் போல இருக்காது. ஆகவே இசட்டை மட்டும் மறுபடி அளக்க வேண்டும். எக்ஸையும் ஒய்யையும் தொடவே கூடாது. ஸ்பேனரால் கோலெட் நட்டை இறுக்கும்போது கேன்ட்ரி (ரவுட்டரைத் தாங்கி நகரும் சட்டம்) நகர்ந்துவிட்டால், ஹோமிங் சுவிட்ச் (இயந்திரம் தன் தொடக்க இடத்தை அறிய உதவும் சுவிட்ச்) இல்லாத இயந்திரத்தில் அந்தப் பூஜ்யத்தைத் துல்லியமாக மீட்பது கடினம். ஜிஆர்பிஎல் (இயந்திரத்தின் கட்டுப்பாட்டு மென்பொருள்) அமைப்புகளில் ஸ்டெப் ஐடில் டிலே (நின்றபின் மோட்டார் பிடியை விடும் நேரம்) மதிப்பை 255 என்று வைத்தால் மோட்டார்கள் பிடியை விடாமல் நிற்கும்; நட்டை இரண்டு ஸ்பேனர்களால் ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கினால் விசை கேன்ட்ரிக்குப் போகாது. ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே இதையெல்லாம் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் இல்லை.

மூலையைக் கண்டுபிடிக்கும் வசதிக்கு என் மதிப்பெண் குறைவு. பக்கவாட்டில் தொடும்போது மென்பொருள் பிட்டின் விட்டத்தில் பாதியைக் கழிக்கிறது. ஆனால் இரண்டு வெட்டு விளிம்புகள் கொண்ட பிட், விளிம்பு கட்டையை நோக்கி நின்றால் ஓர் அளவும், விளிம்புகளுக்கு இடையிலுள்ள பள்ளம் நோக்கி நின்றால் வேறோர் அளவும் காட்டும். வழவழப்பான உருண்டைக் கம்பியைக் கோலெட்டில் பொருத்தி அளந்தால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் அதற்காகவே ஒருமுறை கூடுதலாகக் கழற்றி மாட்ட வேண்டும். கூம்பான வி-பிட்டுக்கு இந்த முறை பொருந்தவே பொருந்தாது. அறுத்தெடுத்த மரத்தின் ஓரமே நேராக இல்லாதபோது, மூலையை நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் அறிந்து என்ன பயன் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நான் வாங்கிய கட்டையில் ஒரு குறை உண்டு. அழகுக்காக அதற்கு வண்ண அனோடைசிங் (ஆக்சைடுப் படலம்) செய்திருக்கிறார்கள். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது; பிட் தொடும் முகங்களை மட்டும் வெறும் உலோகமாக விட்டிருக்கிறார்கள், அவற்றில் ஒன்றின் ஓரம் வரை படலம் பரவியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. எந்தக் கட்டையாக இருந்தாலும், கிளிப்பை மாட்டிய பின் கையால் கட்டையைப் பிட்டில் தொட்டு, திரையில் புரோப் குறி மாறுகிறதா என்று பார்த்துவிட்டே இறக்க வேண்டும். கிளிப் இல்லாமல் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் தண்டு) பேரிங் வழியாகவே சுற்று முழுமையாகிவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்; அது ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் பிட் கட்டைக்குள் இறங்கும்.

மேற்பரப்பு முழுவதையும் சீவி எடுத்துவிடும் வேலைகளில் கட்டையை மறுபடி வைக்கப் பழைய தளமே இருக்காது. அங்கேதான் மேசையின் ஓரத்தில் பொருத்தும் நிலையான டூல் சென்சார் தேவைப்படுகிறது. முதல் பிட்டை அதில் அளந்து, அடுத்த பிட்டையும் அதே இடத்தில் அளந்தால், நீள வேறுபாட்டை மென்பொருளே சரிசெய்துகொள்ளும். ஜிஆர்பிஎல்லின் மூல வடிவம் பிட் மாற்றச் சொல்லும் எம்6 கட்டளையைத் தானாகக் கையாளாது; கணினியிலிருந்து இயந்திரத்துக்குக் கட்டளைகளை அனுப்பும் ஜிசென்டர் போன்ற மென்பொருள் இடைமறித்து, வேலையை நிறுத்தி, இந்த அளவீட்டை நடத்துகிறது. சென்சார் இருக்கும் இடத்துக்கு இயந்திரம் ஒவ்வொரு முறையும் தவறாமல் போய்ச் சேர ஹோமிங் சுவிட்சுகள் வேண்டும். அவை இல்லாதவர்கள் முதலில் அவற்றைப் பொருத்திக்கொண்டு சென்சாரைப் பிறகு வாங்கலாம். அதுவரை, வெட்டுப்படாத ஸ்பாயில்போர்டின் (வேலைப் பலகைக்கு அடியில் மேசையைக் காக்கும் பலகை) மேல் இசட் பூஜ்யத்தை வைத்து, சாதாரணக் கட்டையாலேயே இந்த வேலைகளையும் முடிக்கலாம்.