போட்டோஷாப் குரூப்பா, கிம்ப் டேக்கா: பிரஷ்களை எதில் அடுக்குவது?

கணினியில் படம் வரைய உதவும் பிரஷ்களைத் தேடி இறக்குவது சுலபம், அவை நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகு வேண்டியதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. போட்டோஷாப்பில் 2018 பதிப்பிலிருந்து பிரஷ் பேனலிலேயே குரூப் போட்டு, அதற்குள் இன்னொரு குரூப்பும் வைத்து, இழுத்து இழுத்து அடுக்கலாம். தேர்ந்தெடுத்ததை ஏபிஆர் (போட்டோஷாப்பின் பிரஷ் கோப்பு வகை) கோப்பாக ஏற்றுமதி செய்து வேறு கணினிக்கும் கொண்டுபோகலாம். ஆனால் ஒரு மேகப் பிரஷ் 'வானம்', 'புகை' இரண்டிலும் இருக்க வேண்டுமென்றால் நகல் எடுக்காமல் முடியாது.

இங்கேதான் இலவசப் பட எடிட்டரான கிம்ப் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. ஒரே பிரஷ்ஷுக்கு எத்தனை டேக் (வகையைக் குறிக்கும் அடையாளச் சொல்) வேண்டுமானாலும் போடலாம், டேக் பெயரைக் கொடுத்தால் அந்த வகை மட்டும் வந்து நிற்கும். ஏபிஆர் கோப்பையும் பிரஷ் ஃபோல்டரில் போட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும், சரி, ஆனால் வருவது முனையின் வடிவம் மட்டுமே. சிதறல், பேனா அழுத்தம் போன்ற அமைப்புகள் வராது. அவற்றை நம்பி வரைகிறவர்கள் போட்டோஷாப்பிலேயே இருப்பது நல்லது.

பிரஷ் தவிர, பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) விஷயத்தில் கிம்ப் பயனர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 2025இல் வந்த 3.0 பதிப்பில், 2.10க்கு எழுதிய பிளகின்களை மாற்றி எழுதாமல் ஓட்ட முடியாது, அப்புறம் ஒவ்வொரு பிளகின்னையும் அதே பெயருள்ள தனி ஃபோல்டரில் வைக்க வேண்டும்.