தடயவியல் வேலையைக் கூட இருந்து பார்க்க: சம்பவ இடமா, ஆய்வகமா?

தடயவியல் படிக்கலாமா என்ற யோசனையில் இருந்தபோது, சம்பவ இடத்துக்குப் போகும் குழுவோடு இரண்டு நாளும் ஆய்வகத்தில் ஒரு வாரமும் கூட இருந்து பார்த்தேன். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஆய்வகத்தையே கேளுங்கள்.

சம்பவ இடத்தின் பரபரப்பைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பார்வையாளரைப் போலீஸ் கட்டிய தடுப்பு நாடாவுக்குள் விடுவது அபூர்வம். உள்ளே போகிறவர் எதையாவது விட்டுவிட்டு, எதையாவது ஒட்டிக்கொண்டுதான் வருவார். 1910-இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லோகார்டின் பெயரால் வழங்கும் அடிப்படை விதி இது. ஆகவே என் இரண்டு நாளில் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே போனது. அவர்கள் செய்தது சரிதான். ஜெர்மனி போலீஸ் குற்றவாளி என்று பல ஆண்டுகள் தேடிய ஒரு பெண்ணின் டிஎன்ஏ, மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளிலேயே ஒட்டியிருந்தது என்று 2009-இல் தெரியவந்தது. அந்தக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்தவர் அவர்!

ஆய்வகத்தில் நுழையும்போது என் வாயிலும் குச்சியை விட்டு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்கவே தோன்றவில்லை.

அங்கே பயிற்சிக்காக வைத்திருந்த ஒரு துணிக்கறை ரத்தமா என்று சோதித்துக் காட்டினார்கள். வடிதாளால் கறையை லேசாகத் தேய்த்து, ஃபீனால்ஃப்தலீன் கரைசலில் ஒரு சொட்டு, அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. நொடிகளில் இளஞ்சிவப்பு. நான் அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருக்க, சோதனை செய்த அக்கா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். மாதிரி எண், நேரம், எந்தப் பாட்டில் கரைசல், ரத்தம் என்று தெரிந்த கறையிலும் வெறும் தாளிலும் சோதித்தபோது என்ன வந்தது, கையொப்பம். நிறம் வந்ததால் மட்டும் ரத்தம் என்று எழுதிவிட முடியாது. சில காய்களின் சாறும் அந்த நிறத்தைக் காட்டும். சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எழுத இருபது நிமிடம் ஆனது.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த இருபது நிமிடம்தான். தடயப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எப்போது, எந்த சீலோடு போனது என்பதில் ஒரு வரி விடுபட்டாலும் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடிப்பார்கள். சம்பவ இடத்திலும் எழுத்து இதே அளவு உண்டு, ஆனால் வண்டிக்குள் இருப்பவர் கண்ணில் அது படாது. தினமும் இப்படி எழுத நமக்குப் பொறுமை உண்டா என்பது ஆய்வகத்தில் மூன்றாம் நாளே தெரிந்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது.

பிரேதப் பரிசோதனையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். கணினி, செல்போன் தடயவியல் பக்கம் போனதே இல்லை. அவற்றில் நாட்டம் இருப்பவர்கள் என் பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அனுமதி கேட்கும்போது ஐந்து நாளாவது கேளுங்கள். கருவிகளைச் சுற்றிக் காட்டினால் போதாது, பயிற்சி மாதிரி ஒன்றை உறை பிரிப்பதிலிருந்து அறிக்கை எழுதி முடிக்கும்வரை பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.